தொண்ணூற்றேழு கதிரைகள்

துறைமுக வீதியில் கணித ரியூசன் நடத்துகிற எனக்கு, விழாக்களுக்கு உட்காரக் கதிரை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர் மேல் பொறாமை. ஒல்லியான மனிதர். தலையில் ஆறு பிளாஸ்டிக் கதிரைகளோடு நடந்தபடி, கடந்துபோகும் லொறிகளின் இலக்கங்களைக் காரணிகளாக உடைத்து முணுமுணுப்பார்.

எங்கள் பெற்றோர் கூட்டத்துக்குத் தொண்ணூற்றொரு கதிரை இறக்கினார்.

"சம வரிசையாய்ப் போட ஏலாது. இது முதன்மை எண், எதாலும் பிரிபடாது" என்று பெற்றோர் முன்னால் விளக்கினேன்.

"பதின்மூன்றுப்படி ஏழு வரிசை போடுவமே, சேர்?" என்றார் அவர்.

"பிள்ளையை இவரிட்டயே விடலாம் போல" என்றார் ஒரு தாய். என்னைப் பார்த்து அல்ல.

மறுநாள் கதிரை ஏற்ற வந்தவர், "சேர், தொண்ணூற்றேழை உடைக்க ஏலாமக் கிடக்கு" என்றார். அதுதான் அசல் முதன்மை எண். சொல்லியிருக்கலாம். "இன்னும் தேடுங்கோ" என்றேன், வயிற்றெரிச்சலில்.

இரண்டு நாள் கழித்து வீதியில் மறித்தார். "அது உடையாது, சேர். பத்துக்கு மேல தேடவும் தேவையில்லை. பத்துப் பத்தே நூறாச்சு; மேல ஒன்று பிரிக்குமெண்டா, அதின்ட சோடி பத்துக்குள்ளதானே இருக்கோணும்!"

அந்த விதியைக் கம்பஸில் படிக்கும்போது மனப்பாடம் செய்தவன் நான். ஏனென்று அன்றுதான் விளங்கியது. இப்போது வகுப்பில் கதிரைகளை அடுக்கித்தான் அதைப் படிப்பிக்கிறேன். யார் சொல்லித் தந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.