செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆவல

கும்மிடிப்பூண்டியில் ரயில் நிலையத்துக்குப் பிரிகிற தெருவில் சத்யாவின் பட்டறை இருக்கிறது. பொம்பளை மெக்கானிக் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட இப்போது வண்டியை விட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். சென்னையில் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து தனியாகக் கடை போட்டவள். வயது முப்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது தம்பி ஹேமநாத்துக்குப் பதினொரு வயது. அவனை வளர்த்து, ஐடிஐ படிக்கவைத்து, தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டதும், தவணையில் பைக் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பூவம்மாள் மத்தியானம் ஓடிவந்து சொன்னாள்.

"சத்யா, பச்சையம்மாவ எவனோ பைக்ல அடிச்சிப் போட்டு ஓடிட்டானாம். இடுப்பு எலும்பு போச்சாம். மெட்ராசுக்கு இட்டுக்கினு போயிக்கிறாங்கோ."

சுண்ணாம்புக்குளத்திலிருந்து விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, சத்தியவேடு சாலையோர ஊர்களில் நடந்தே மீன் விற்பவள் பச்சையம்மா. விற்றுத் திரும்பும்போது பூவம்மாள் கடையில் ஒரு டீ குடிப்பாள். சத்யாவுக்குப் பத்து வருடப் பழக்கம். ஹேமநாத் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்திலிருந்தே பச்சையம்மாவுக்கு அவனைத் தெரியும். அன்று காலை ஆறரை மணிக்கு அந்தச் சாலையின் ஏரிக்கரை வளைவில் அடிபட்டு, ஓரத்துப் பள்ளத்தில் முக்கால் மணி நேரம் கிடந்திருக்கிறாள். பனியில் யார் கண்ணிலும் படவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் சிதறிய மீனைப் பார்த்து இறங்கித் தேடியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சத்யா அதைத் தம்பியிடம் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

"முக்கா மணி நேரம்டா. எந்தப் பாவி இப்டி உட்டுட்டுப் போவான்?"

ஹேமநாத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "பொழைச்சிக்குமா?"

"பொழைச்சிக்கும்னுதான் சொல்றாங்கோ."

அவன் தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். அன்று காலையோடு அவனுக்கு நைட் ஷிப்ட் முடிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை ஹேமநாத் பைக்கைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தான்.

"க்கா, செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆவல. கொஞ்சம் பாரு. பத்து மணிக்கு நான் உள்ள இருக்கணும்."

சத்யா சாவியைத் திருப்பி ஸ்விட்சை அழுத்தினாள். இன்ஜின் நன்றாகவே சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. பேட்டரியில் குறையில்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். இன்ஜினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச் சரியான பக்கம்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து மறுபடி சுற்றிப் பார்த்தாள். பொறி இல்லை. காதை டேங்கில் வைத்துச் சாவியைத் திருப்பினாள். வழக்கமாக இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் உறுமும். அதுவும் இல்லை.

பொறியும் பெட்ரோலும் ஒரே நாளில் தனித்தனியாகக் கெடுவது அபூர்வம். இரண்டையும் சேர்த்து நிறுத்துகிற ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. பியூஸைப் பார்த்தாள், சரி. மீட்டரில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினாள். வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் சென்சாரின் பெயர் திரையில் வந்தது.

"ஹேமா, வண்டி எங்கயாவது வுழுந்துச்சா?"

"இல்லியே."

அவள் நம்பினாள். அந்தச் சென்சாரே கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினாள். உள்ளே சென்சாரைப் பிடித்திருக்கும் தகடு இரண்டாக முறிந்திருந்தது. சென்சார் வயரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கவிழ்ந்து கிடப்பதாக அது சொல்லிக்கொண்டிருந்தது.

தகடு சும்மா முறியாது. முதலில் விரிசல் விட்டு, பிறகு பள்ளம் மேட்டில் ஓடி ஓடி அறுந்திருக்கிறது. பலமாக எதன் மேலோ மோதியிருக்க வேண்டும். சத்யா விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். நீல நைலான் வலையின் துண்டு ஒன்று வந்தது. மீன் கூடையை மூடிக் கட்டுகிற வலை. அதில் ஏழெட்டுச் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

வண்டியின் வெளிப்பக்கம் சோப்புப் போட்டுக் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"டேய்."

அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவள் உள்ளங்கையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"பனிக்கா. ஒண்ணுமே தெரில. தூக்கம் வேற கண்ண இஸ்துக்கினு போச்சு."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"தெரிஞ்சுதாடா?"

"கூப்டுச்சிக்கா. 'ஹேமா'ன்னு கூப்டுச்சு. நான் வண்டியத் தூக்கி... சாவியத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு. வந்துட்டேன்."

சத்யா கழற்றி வைத்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். மூடினாள். திறந்தாள். எண்ணிப் பார்த்து மறுபடி மூடினாள். காது அடைத்துப்போயிருந்தது. பூவம்மாள் டீ நீட்டிக்கொண்டு எதையோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. இவனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் கண் விழித்தவள் அவள். செவ்வாய்க்கிழமை அவன் நன்றாகத் தூங்கினான், குறட்டைகூட விட்டான். அந்தக் குறட்டைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சென்சாரை நிமிர்த்தி ஒரு கயிற்றால் கட்டினால் போதும், அரை நிமிடத்தில் வண்டி ஓடும். அவள் கட்டவில்லை. வலைத் துண்டையும் இருந்த இடத்திலேயே வைத்தாள். ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

"வா."

"எங்கக்கா?"

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்றம் போலீஸ் ஸ்டேஷன்."

"வேல போய்டும்க்கா."

"போவட்டும்."

மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம்.

வார்டு வாசலில் பச்சையம்மாவின் மகன் தேசப்பன் நின்றிருந்தார். சத்யாவைப் பார்த்ததும் கண் கலங்கி, "எவ்ளோ தூரம் வந்துக்கிறியேம்மா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

பச்சையம்மாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் சத்யாவைப் பார்க்கவில்லை. ஹேமநாத்தையே பார்த்தாள்.

"வந்துட்டியா?" என்றாள்.

சத்யா கட்டிலருகே குனிந்தாள். "அத்த, உனுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மூஞ்சப் பாத்துதானே கூப்ட்டேன்."

"ஏன் யாராண்டயும் சொல்லல?"

"போலீசு எம்மவனாண்டதான் கேட்டு எழுதிக்கினு போச்சு. என்னை யாரு கேட்டா? ரெண்டு நாளா மயக்க ஊசி." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு ஹேமநாத்திடம் பேசினாள். "நீ போனதும் நான் பயப்படல தெரியுமா? பையன் அக்காவ இட்டாரப் போறான்னு நெனச்சேன். வண்டிச் சத்தம் வர்ரப்பலாம் நீங்கதான்னு நெனச்சிக்கினு கையத் தூக்கிக்கினு கெடந்தேன்."

ஹேமநாத் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சத்யா அவனைத் தூக்கவில்லை.

பின்னால் தேசப்பன் மூன்று டீ டம்ளர்களோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அடிப்பார் என்று சத்யா எதிர்பார்த்தாள். அவர் டம்ளர்களை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"இட்டுக்கினு போயிடும்மா. நான் இன்னா செய்வேன்னு எனுக்கே தெரில."

சாயங்காலம் ஸ்டேஷனில் ஹேமநாத் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நடுவில் பேனாவை நிறுத்திவிட்டு, "வண்டிய ரிப்பேர் பண்ணப்போ நீயாம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டார். "ரிப்பேர் பண்ணல சார்" என்றாள் சத்யா. மறுநாள் போலீஸ்காரர்கள் பைக்கைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பூவம்மாள் ஒரு வாரம் சத்யாவிடம் பேசவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்பதாலா, அவன் அக்கா என்பதாலா என்று சத்யாவுக்குத் தெரியவில்லை.

தம்பியின் வேலை போயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது. ஹேமநாத் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். இப்போது அத்திப்பட்டில் ஒப்பந்த வேலைக்கு ரயிலில் போய் வருகிறான். பைக் ஓட்டுவதில்லை.

பச்சையம்மாவால் இனி ஊர் ஊராக நடக்க முடியாது. கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்யா அங்கே போய் நிற்பாள். பச்சையம்மா அவளுக்கு மட்டும் மடவை மீனைச் செவுளைத் தூக்கிக் காட்டி, நல்லதாகப் பொறுக்கி, வெட்டியும் கொடுப்பாள். பேச்சு மீனைப் பற்றி இருக்கும், மழையைப் பற்றி இருக்கும். ஹேமநாத்தைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சத்யாவும் சொன்னதில்லை.