அனுமதிக் கட்டணமும் ஒரு பெயர்ப்பலகையும்

சென்ற ஆண்டு, இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், லண்டன் டூட்டிங்கில் பயணச்சீட்டு விற்கும் சிறு கடையொன்றின் வாசலில், உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தெரியாமல் நின்றிருந்தேன். அம்மா காலமாகி ஐந்து நாளாகியிருந்தது. சனிக்கிழமை தகனம். எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். அண்ணா இங்கேயே இருந்தாலும், பாரிஸில் உணவகமொன்றில் சமைக்கும் தம்பி வந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அவன் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நினைத்தபோது ரயிலேறி வந்துவிடுவான். இப்போது பக்கத்து நாட்டவரும் முன்கூட்டியே இணையத்தில் கட்டணம் செலுத்திப் பயண அனுமதி பெறவேண்டும் என்பது அம்மா போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஆங்கிலத்துக்கு அஞ்சிய தம்பி, "நீங்களே நிரப்பிவிடுங்கோ அக்கா" என்று தொலைபேசியில் அழுதான். நானும் தெளிவான மனநிலையில் இல்லை. அரச முத்திரை போல ஏதோ ஒன்று முகப்பில் இருந்த முதல் தளத்திலேயே நிரப்பிப் பணமும் கட்டினேன். அது இடைத்தரகர் ஒருவரின் தளம் என்பதும், அரசு கேட்பதைவிடப் பல மடங்கு வாங்கிவிட்டார்கள் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. மூன்று நாளாகியும் அனுமதி வரவில்லை.

ஆகவே, ஹவுன்ஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நம்பிக்கையோடு சொல்லி அனுப்பிய இந்தக் கடைக்காரரையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் தம்பியின் கடவுச்சீட்டுப் படத்தைக் கேட்டார். கைபேசியைக் கையிலிருந்து விடாமலே காட்டினேன். முன்பு அனுப்பிய விண்ணப்பத்தையும் கேட்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. "ஓம், இஞ்சதான் இருக்கிறா. நான் பாக்கிறன்" என்று தணிந்த குரலில் சொல்லி வைத்தார். யாரிடம் என்னைப் பற்றிப் பேசுகிறார்?

"அக்கா, நீங்கள் போட்ட பிறந்த திகதி வேற. பாஸ்போட்டில இருக்கிறது வேற."

நான் நிரப்பியது, அம்மா வருடந்தோறும் ஆர்ச்வே முருகன் கோயிலில் தம்பியின் பெயருக்கு அருச்சனை செய்த நாள். எனக்கு மனப்பாடமான நாள். கடவுச்சீட்டில் இருப்பதோ, பத்தொன்பது வயதில் கையில் ஒரு தாளும் இல்லாமல் அவன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பதிவு செய்தவர்கள் போட்டுக்கொடுத்த திகதி. நாங்கள் வெளியில் பேசாத விஷயம் அது. இதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்ன கேட்கப்போகிறார்?

"அது உங்களுக்கு ஏன்?" என்றேன், கடுமையாகவே.

அவர் சிரித்தார். மேசை லாச்சியிலிருந்து தன் கடவுச்சீட்டை எடுத்து என் முன் விரித்து வைத்தார். "நான் ஜனவரி முதலாம் திகதி, அக்கா. ஜேர்மனியில எழுதிவிட்டது. அங்க எங்கட அறையில இருந்த ஆறு பேரும் அதே நாள்தான் பிறந்தவங்கள். எல்லாருக்கும் ஒரு கேக்கே காணும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடவுச்சீட்டும் அனுமதியும் ஒத்துப்போகாவிட்டால் தம்பியைப் பாரிஸ் நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்று விளக்கி, அரசின் தளத்தில் புதிதாக விண்ணப்பித்தார். என் வங்கி அட்டை எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நானே அழுத்தினேன். அரசுக்குரிய கட்டணம் மட்டுமே போயிற்று. அவருடைய உழைப்புக்கென்று இருபது பவுண் தாளொன்றை வைத்தேன். "செத்தவீட்டு அலுவலுக்குக் காசு வாங்க ஏலாது அக்கா" என்று திருப்பித் தள்ளினார்.

அதுதான் என்னை இன்னும் கலவரப்படுத்தியது. இந்த நகரத்தில் எதையும் வாங்காமல் ஒருவர் எதற்காக உதவுவார்? வெளியே வந்து வீதியைக் கடந்து, நாளைக்குப் போலீசுக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவும் என்று கடையின் பெயர்ப்பலகையைப் படமெடுத்தேன். வீடு போகும் வழியில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் நிறுத்தினேன்.

மறுநாளே அனுமதி வந்துவிட்டது. சனிக்கிழமை, அண்ணா தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, தகனசாலையில் கொள்ளிக்குப் பதிலாக உலையை மூட்டும் பொத்தானை அழுத்தியவன் தம்பிதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் பலகாரப் பெட்டியோடு அந்தக் கடைக்குப் போனேன். அன்று வந்த அழைப்பு, நான் வழி தவறாமல் வந்து சேர்ந்தேனா என்று பக்கத்து வீட்டுப் பெண் விசாரித்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். வெட்கத்தோடு படமெடுத்ததைச் சொன்னேன்.

"போர்ட் வடிவா விழுந்ததோ அக்கா?" என்றார். "அப்பதான் பெயின்ட் அடிச்சனான்."

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் உதவியை மனம் துருவத் தொடங்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். அவசரமாக எடுத்ததில் சாய்ந்து விழுந்த அந்தப் பலகையின் கீழே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நான் பத்திரமாக வீதியைக் கடந்துவிட்டேனா என்று எட்டிப் பார்த்தபடி அவர் நிற்கிறார்.