பாம்புச்செவிக்காரி

சோடா கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் பாம்புச்செவி. கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரிசையாக ஓடும் அந்தக் கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அந்த இரைச்சலிலும் விரிசல் விட்ட பாட்டில் ஒன்று போனால், "நிறுத்துங்க, உடைஞ்சது ஒண்ணு போகுது" என்று கத்துவாள். எடுத்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். "உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மனசுக்குள்ளகூட யாரையும் திட்ட முடியாதுடி" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

வீட்டுக்காரர் ஓட்டல் பேண்டில் கிட்டார் வாசிக்கிறவர். பெடல் பைத்தியம். காலால் அழுத்தினால் கிட்டாரின் ஓசையை உறுமலாகவோ எதிரொலியாகவோ மாற்றித் தருமே, அந்தச் சின்ன இரும்புப் பெட்டிதான் பெடல். நல்ல சட்டை ஒன்று வாங்க மனம் வராத மனுஷன், பெடல் என்றால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். அதனால் கடைக்குப் போகும்போதெல்லாம் இவளும் கூடப் போவாள்.

கடைக்காரருக்கு இவளைக் கண்டாலே கலக்கம். "அக்கா வந்துட்டாங்களா? அப்ப இன்னைக்கு வியாபாரம் நடந்த மாதிரிதான்" என்று தலையைச் சொறிவார். பின்னே? எந்தப் பெடலானாலும் அதைப் போடுவதற்கு முன்னால் இருந்த சத்தமும் போட்ட பின் வரும் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பாள். "சத்தத்தைக் கூட்டி வச்சா தகரடப்பாகூட நல்லாத்தான் கேக்கும். குறைங்க முதல்ல." அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். பளபளக்கிற பெட்டியைப் பார்த்துவிட்டால் காது சும்மாயிருக்கும், கண் கேட்க ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி.

தீர்ப்பெல்லாம் ஒற்றைச் சொல்தான். கீழ் ஓசை குழம்பினால் 'சேறு'. மேல் ஓசை கூச்சலிட்டால் 'ஊசி'. சும்மா இருக்கும்போதே இரைந்தால் 'ஈ'. நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவள் வாயில் வந்ததில்லை. குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லையென்றால், "சரி, கட்டச் சொல்லுங்க, தொலையுது" என்பாள். அவருக்கு அது போதும். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவார்.

காது போனது அவளுக்கே சட்டென்று தெரியவில்லை. முதலில் வீட்டு அழைப்பு மணியின் கிணுகிணுப்பு போயிற்று, கெட்டிலின் விசில் போயிற்று. கம்பெனியில் விரிசல் பாட்டில்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. மேற்பார்வையாளர் அவளை மூடி எண்ணும் இடத்துக்கு மாற்றினார். வயசாகிறதே என்று மாற்றினார்களாம், வீட்டில் அப்படித்தான் சொன்னாள்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோவது, மகளை எங்கே கட்டிக்கொடுப்பது, எல்லாம் அவராகவே முடிவு செய்தார். "உனக்கு என்ன தெரியும்" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவார். பெடல் விஷயத்தில் மட்டும் கைகட்டி நின்று அவள் வாயைப் பார்ப்பார். அது ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் அவளுக்கு அந்த வீட்டில் என்ன மிச்சம்?

காதில் மேல் ஓசைகள் விழாததால் எல்லாமே சேறாகத்தான் கேட்டது. "கூட்டுங்க, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள். அவரும் மேல் ஓசைக் குமிழைத் திருகித் திருகி ஏற்றினார். பிறகு சேறுகூடக் கேட்காத காலம் வந்தது. கழுத்து வலி என்று சொல்லி, சுவரை விட்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிடித்தால் அவருக்கு இடது புருவம் ஏறும், பிடிக்காவிட்டால் உதடு கோணும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். அவர் என்னடாவென்றால், அவள் என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிட்டாரைக் கைவிட்டார்கள்.

ஓட்டலில் சாப்பிட வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். "காதுல கம்பியை விட்டுக் குடையிற மாதிரி இருக்குய்யா" என்றார் பேண்டு மாஸ்டர்.

"எங்க வீட்ல கேட்டுச் சரின்னு சொல்லிட்டாங்க மாஸ்டர். அவங்க காது தப்பாது."

"உன் பொண்டாட்டியா இங்க சாப்பிட வர்றாங்க? சனிக்கிழமை கேப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

வீட்டுக்கு வந்து இதை அவர் கோபமாகச் சொல்லிக் காட்டினார். மாஸ்டர் மேல்தான் கோபம். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த இரண்டு பெடல்களைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் பரப்பினார். கூடவே சுருதி சேர்க்கிற பெட்டியும் இருந்தது. அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், கிட்டார் வாயடைத்துப்போகும். சத்தம் வெளியே வராமல் சுருதி சேர்த்துக்கொள்ளத்தான் அது.

"இன்னைக்குப் பழைய மாதிரி திரும்பி உக்காரு. என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்றார்.

திரும்பினாள். எதிரே பீரோ கண்ணாடி. கட்டிலுக்கு மேலே தெரிந்த அவர் முகம் அதில் அப்படியே விழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

முதல் பெடலுக்கு உதடு கோணியது. "ஊசி" என்றாள். அவர் தலையாட்டினார். குனிந்தார், என்னவோ மாற்றினார், நிமிர்ந்தார். கம்பிகளை ஓங்கி மீட்டினார். இடது புருவம் மேலே ஏறியது. இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது.

"இதுதாங்க!" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு. இதையே வைங்க."

கண்ணாடியில் அவர் அசையவில்லை. மெல்லக் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக்குள் அவள் கண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து கட்டிலைச் சுற்றிப் போனாள். சுருதிப்பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெடலை மாற்றும்போது அழுத்தியதை அணைக்க மறந்திருக்கிறார். சத்தமே வரவில்லையே என்ற திகைப்பில் ஏறிய புருவம் அது.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார். ஏதோ கேட்கிறார் என்று நினைத்தாள். என்ன கேட்டிருப்பார்? கண்கள் கெஞ்சுவது போல இருந்தன.

"சரிங்க" என்றாள்.

கையை எடுத்தார். அவளுக்குப் புரியும்படி நிதானமாக உதட்டை அசைத்தார். "நான் ஒண்ணுமே சொல்லல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லியிருப்பேங்க... அப்புறம் எதுக்கு என்னைக் கேப்பீங்கன்னு பயமா இருந்துச்சு." இதை மெதுவாகச் சொன்னாளா, கத்திச் சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை.

அவர் பெடல்களை எடுத்துப் பையில் போட்டார். எதை வைப்பது என்று தானாக முடிவு செய்துகொண்டு போனார்.

பொழுது சாயும் நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். ஓட்டலில் வாசிப்பே அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். கிட்டாரை உறையை விட்டு எடுக்காமல் பீரோ மேல் வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மாஸ்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார் என்பது அதிலேயே தெரிந்தது.