காலை ஏழரைக்கு ஐந்து நிமிடம்

"இந்தப் பொண்ணு பேசி முடிக்கிறதுக்குள்ள ரிப்பேரே முடிஞ்சு கப்பல் கிளம்பிடும்லா."

சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலைக்குச் சேர்ந்த கப்பல் பட்டறையில், மேற்பார்வையாளர் அண்ணன் என் காதுபடவே சொன்னது இது. கோபித்துக்கொள்ள வழியில்லை. ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டியதை அன்று நான் பதினான்கு நிமிடம் பேசியிருந்தேன்.

தினமும் காலை ஏழரைக்கு, வேலை தொடங்கும் முன், ஊழியர்கள் தலைக்கவசத்தோடு வரிசையாக நிற்பார்கள். அன்றைய வேலையில் எங்கே ஆபத்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவர் எடுத்துச் சொல்வார். டூல்பாக்ஸ் மீட்டிங் என்போம். அந்தப் பேச்சுக்காகத்தான் என்னைப் பாதுகாப்புப் பிரிவில் மூன்று மாதச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். சரிவராவிட்டால் பழையபடி அலுவலகத்தில் கோப்பு அடுக்கப் போக வேண்டும்.

வீட்டில் அது சொல்லக்கூடிய சேதி அல்ல. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த நாளில்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மா தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அங்கே பரோட்டா போடுபவர் முதல் இலை போட வருபவர் வரை எல்லாரிடமும் "என் மக சேஃப்டி ஆபீசர்" என்று சொல்லி முடித்துவிட்டிருந்தார்.

"இன்னும் டிரையல்தாம்மா."

"அது அவங்களுக்கு எதுக்கு?"

முதல் பேச்சுக்கு நான் தயாராகாமல் போகவில்லை. அதுதான் வேடிக்கை. பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். அதே மாதிரி எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் கையசைத்துப் பழகினேன். "பெருமதிப்பிற்குரிய ஊழியர் பெருமக்களே!" என்று தொடங்கினேன். முடித்ததும் நாற்பது பேரும் கைதட்டினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அண்ணன் முன்வரிசையில் நின்ற ஒரு வெல்டரைப் பிடித்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"என்னய்யா சொன்னாங்க?"

"மேடம் செமையா பேசுனாங்கண்ணே."

"அது தெரியுது. என்ன சொன்னாங்க?"

"நம்ம உசுரு ரொம்ப முக்கியம்னு…"

"டேங்குக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "பாத்து எறங்கணும்ணே."

வரிசை முழுக்கச் சிரித்தது. கப்பல் கிளம்பிவிடும் என்று அண்ணன் சொன்னது அப்போதுதான்.

கம்பெனி பஸ்ஸில் எங்கள் வீடு இருக்கும் ஈசூன் வரும்வரை யோசித்தேன். நான் பழகியதெல்லாம் என் குரலை. கேட்பவருக்கு என்ன மிஞ்சும் என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். அன்று யார் எங்கே வேலை செய்யப் போகிறார்களோ அந்த இடத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டியின் வாய் முன் மண்டியிட்டபோதுதான் தெரிந்தது: உள்ளே விஷவாயு இல்லை என்று காற்றைச் சோதித்ததற்கான சீட்டு அங்கே தொங்குகிறது, ஆனால் தேதி எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. நேற்றைய சீட்டும் இன்றைய சீட்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு ஒரே விஷயம் என்று வைத்துக்கொண்டேன். மாலையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், கைத்தொலைபேசியில் நேரம் வைத்துவிட்டு அம்மாவிடம் பேசிக் காட்டுவேன். முடிந்ததும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"என்னம்மா சொன்னேன்?"

"ஏதோ காத்து கீத்துன்னே. வெங்காயம் கருகுது, தள்ளு."

மறுபடி முதலிலிருந்து. நான்காவது தடவை அம்மா கரண்டியை நீட்டிச் சொன்னார்: "சீட்டப் பாரு. இன்னைக்குப் போட்ட சீட்டான்னு பாரு. இல்லேன்னா எறங்காத. இதுக்கா இம்புட்டு நேரம்?" உடனே ஒரு கேள்வியும் கேட்டார். "ஆமா, படிக்கத் தெரியாதவ நான் எறங்கப் போனா, இன்னைக்குச் சீட்டுன்னு எப்படிடீ கண்டுபிடிப்பேன்?"

அம்மாவே சொன்னார், "கலர் கலரா மாட்டு."

அண்ணனிடம் கேட்டேன். "செஞ்சு பாரு, உனக்கும் பொழுது போகணும்லா" என்றார். மறுவாரம் முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு. காலையில் அதைக் கையில் உயர்த்திப் பிடித்துப் பேசினேன். முடித்ததும் யாராவது ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் தடுமாறினார், எந்த வாக்கியத்தில் தடுமாறினார் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி, மாலையில் அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றிப் பழகினேன். பதினான்கு நிமிடம் ஒன்பதானது. ஒன்பது ஏழானது. ஐந்தில் முடித்த அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, அண்ணன் மேல்தளத்திலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"உன் ஆளு என்னையே நிறுத்திப்புட்டான்."

"யாருண்ணே?"

"அந்தப் புதுக்கோட்டைக்காரன்தான். சீக்கிரம் எறங்குய்யான்னா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். 'இது நேத்துப் பச்சைண்ணே, இன்னைக்கு மஞ்சள்'ங்கிறான். மறுபடி டெஸ்ட் பண்ணி மஞ்சள் மாட்டுன பொறகுதான் எறங்குனான்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். கோப்பு அடுக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி."

வேலை நிரந்தரமானதை அன்று மாலை தேக்காவுக்கே போய்ச் சொன்னேன். அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். "இதுல என்ன புதுசு? நான்தான் அப்பவே சொல்லிட்டேனே" என்றவர், உள்ளே திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி ஒருமுறை சொன்னார். சீட்டுக்கு நிறம் தன் யோசனை என்பதையும் விடவில்லை.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு பேர் பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள். என் பேச்சு அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் வழியாகப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதனால் சனிக்கிழமை வங்காள மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வாக்கியங்களை அம்மாவுக்குப் புரியாவிட்டாலும் அவர் முன்னேயே சொல்லிச் சொல்லிப் பழகி, நேற்றுக் காலை ஆரஞ்சுச் சீட்டை உயர்த்திப் பிடித்துப் பேசினேன்.

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் நின்ற ஓர் இளைஞரைப் பார்த்து, பழகி வைத்திருந்த ஆறாவது வாக்கியத்தைக் கேட்டேன்.

"கீ போல்லாம்?" நான் என்ன சொன்னேன்?