வீட்டில் படித்த பிள்ளைக்கு உதவி கேட்டுப் போன அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அப்பா கேட்டபோது, பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது சுலபம் என்று நினைத்தேன். அதுவும் சுலபமாக இல்லை. சாவகச்சேரி என்கிறார் அப்பா. இல்லை, கொடிகாமம் என்கிறார் பெரியம்மா. அம்மா இருந்திருந்தால் ஒரு சொல்லில் தீர்த்து வைத்திருப்பார்.

உயர்தர வகுப்பில் படிக்கும்போது போரால் இடம்பெயர்வு வந்து, சோதனை எழுதாமலே அம்மாவின் படிப்பு நின்றுபோனது. கனடா வந்து அப்பாவை மணந்து, டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் வீட்டில் வைத்துப் பார்த்தார்.

நான் ஒரே பிள்ளை. வீட்டில் ஓயாமல் கதைப்பேன். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தால் ஒரு சொல்லும் வராது. வைத்தியரிடம் போனோம், பயிற்சிகள் செய்தோம், பலனில்லை. ஆறாம் வகுப்பில், என்னைக் கதைக்க வைக்கிறோம் என்று சில பிள்ளைகள் கையைக் கிள்ளினார்கள். கன்றிய கையைக் கண்ட அம்மா மறுநாள் என்னை அனுப்பவில்லை.

"இனி வீட்டிலை படிக்கட்டும்," என்றார்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கென்னெண்டு தெரியும்? இப்ப அனுப்பேலாது. அவ்வளவுதான்."

அந்த "இப்ப" உயர்பள்ளி வயது முழுவதும் நீண்டது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் சமையலறை மேசையில் நானும் அம்மாவும் கணக்குப் பாட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். பல நாட்களில் இருவருக்கும் விளங்காது. விளங்காததை அம்மா ஒருபோதும் மறைத்ததில்லை.

ஆய்வுகூடப் பணிக்குப் படிக்க விரும்பினேன். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் பத்தொன்பது வயதில் எழுதக்கூடிய நுழைவுச் சோதனையை எழுதினேன். கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசு மாணவர் உதவி கிடைக்காவிட்டால் போக வழியில்லை. அங்கேதான் குழப்பம் தொடங்கியது. வீட்டில் படித்தவர்களுக்கு உதவியே இல்லை என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. அம்மா உதவி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது ஒருவர் கல்லூரியைக் கேட்கச் சொன்னார். கல்லூரியில் உதவி அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். விண்ணப்பத்திலோ, உயர்பள்ளியை எப்போது விட்டாய் என்று ஒரு கேள்வி.

"போகாத பள்ளிக்கூடத்தை எப்பயம்மா விட்டது?" என்று கேட்டேன்.

"நான்தானே உன்ரை ரீச்சர். நான் முடிஞ்சுதெண்டா முடிஞ்சுது."

"அப்ப எப்ப முடிஞ்சுது?"

அம்மா மறுபடி தொலைபேசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "தாயோடை கதைக்க மாட்டினமாம். பிள்ளைதான் கதைக்கவேணுமாம்," என்றார். வெளியாரோடு எனக்கு இன்னும் ஒரு சொல்லும் வராது; அம்மா தொலைபேசியை வைத்தார்.

அடுத்த வாரம் கல்லூரிக்கே போனோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் என் பெயரைக் கேட்டார். வழக்கம்போல அம்மா சொல்வார் என்று திரும்பினேன். அம்மா கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கடைசியில் என் பெயர் வந்தது. பிறகு, "நான் வீட்டில் படித்தேன், எனக்கு உதவி கிடைக்குமா?" என்பதும் வந்தது.

"எங்கே படித்தாய் என்பது இதற்குத் தடையில்லை. கல்லூரி உன்னைச் சேர்த்துவிட்டது. குடும்ப வருமானம் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். வீட்டுப் படிப்பு முடிந்த மாதத்தை எழுது," என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது.

அம்மா நடைபாதையிலிருந்த நீள மர வாங்கில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"ஏனம்மா விட்டிட்டு வந்தனீங்கள்?"

"தலை சுத்தினது பிள்ளை. என்னவாம்?"

உதவி கிடைத்தது, படிக்கத் தொடங்கினேன். முதல் தவணை முடியுமுன் அம்மாவின் தலையில் கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருடைய பேச்சு குறைந்தது. வைத்தியர்களோடு நான்தான் கதைத்தேன். என் குரலைக் கேட்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். பெருமையா, வேதனையா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது சரியா என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாது.

அம்மாவை மாறி மாறிப் பார்த்த தாதியர்க்கும், சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், பனியிலும் இறுதிக் கிரியைக்கு வந்து எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் அப்பாவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னும் ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறேன். கடைசி நாட்களில் ஒரு மாலை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்குக் கல்லூரியிலை உண்மையிலை தலை சுத்தினதோ, இல்லாட்டி வேணுமெண்டு வெளியிலை போனீங்களோ?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நேரே பார்த்தார்.

"ஓம்," என்றார்.

அந்த இரண்டில் எதற்கு ஓம் என்று அம்மா உங்களில் யாருக்காவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

— மகள்