துணைக்கு ஒரு எஞ்சினியர்

எங்கள் ஊரில் பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு ஒரு வரிசை இருந்தது. அதைப் போட்டவர் கலியாணத் தரகர். தலைமாட்டில் மருத்துவம், அடுத்து பொறியியல், பிறகு பல் வைத்தியம். மிருக வைத்தியம் என்றால் மனிதர் முகத்தைச் சுளிப்பார், நாயைத் தொட வேண்டிவரும் என்று. விஞ்ஞானம், வர்த்தகம், கலை மூன்றையும் வாத்தியார் வேலையில் போய் முடிகிற படிப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார். விவசாயத்தை வரிசையில் சேர்க்கவே இல்லை. கல்முனையில் வயல் செய்ய எதற்குப் படிப்பு என்று கேட்பார்.

எனக்குக் கிடைத்தது விவசாயம். எண்பதுகளின் பிற்பகுதி அது. இடம் பேராதனை, கண்டிக்குப் பக்கத்தில். நானே விரும்பிக் கேட்டு எடுத்தது.

விருப்பத்துக்குக் காரணம் ஒரு பூச்சி. நான் உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருடம் நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த எங்கள் வயலில் அறக்கொட்டி விழுந்தது. பயிரின் அடியில் இருந்துகொண்டு சாற்றைக் குடிக்கும் சின்னப் பூச்சி. கதிர் வரும் நேரத்தில் எங்கள் வயல் நெருப்புப் பட்ட மாதிரிக் கருகிப்போனது. வரம்புக்கு அந்தப் பக்கம் இருந்த வயல் பச்சையாகவே நின்றது. ஏன் என்று வாப்பாவைக் கேட்டேன். "அல்லாஹ்ட நாட்டம்" என்றார். உயிரியல் டீச்சரைக் கேட்டேன். "அதெல்லாம் கெம்பஸில போய்ப் படிக்கிற விசயம் புள்ள" என்றார். பல்கலைக்கழகக் கைந்நூலில் விவசாயத்தின் கீழே பூச்சியியல் என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் பார்த்தபிறகு மற்றப் பக்கங்களை நான் புரட்டவில்லை.

வாப்பா சிரித்தார். "வேளாமை படிக்கக் கண்டிக்குப் போகணுமா மகள்? வயலுக்கு வா, நான் சும்மா படிப்பிச்சுத் தாறன்." சிரித்தவர் அடுத்த கிழமை பசாருக்குப் போய்த் தவிட்டு நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தார். உம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆரோட போற?"

கூட வர எனக்கு நானாவும் இல்லை, தம்பியும் இல்லை. குமர்ப் பிள்ளையை மலைநாட்டு விடுதியில் தனியே விடப்போகிறீர்களா என்று பள்ளிவாசலில் இரண்டொருவர் வாப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள், நல்ல மனதோடுதான். வாப்பா ஊருக்குப் பயந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஊர் வாயில் நான் விழுவதைப் பொறுக்காதவர். என்னைப் படிக்க விடவும் வேண்டும், ஒருவரும் ஒரு சொல் சொல்லவும் கூடாது. அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

அதற்குள் நாட்டுக் குழப்பத்தில் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள். எங்கள் பக்கமும் ஊரடங்கும் கடையடைப்புமாகக் கிடந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாப்பாவுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

அப்போதுதான் தரகர் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். பொறியியலுக்கு எடுபட்டவர். அதே பேராதனை. அவரும் என்னைப் போல வீட்டில் குந்திக்கொண்டு கதவு திறக்கும் என்று காத்திருந்தார். வாப்பாவின் முகம் அன்று தெளிந்ததை நான் பார்த்தேன்.

"மகள், ரெண்டு பேருக்கும் ஒரே கெம்பஸ். திறந்த உடன புருசன் பொஞ்சாதியாச் சேந்து போங்க. மறுகா ஆரு என்ன கதைக்க ஏலும்?"

ஓம் என்றேன். எனக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. நான் படிக்க வேண்டும், அதற்குத் துணை வேண்டும், துணை அக்கரைப்பற்றில் இருந்தது. பெண் படிப்பாள் என்று வாப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் வாப்பா "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று தலையை ஆட்டினார். பூட்டிக் கிடக்கிற பல்கலைக்கழகத்துக்கு மருமகளை அனுப்புவதில் அவருக்கு என்ன நட்டம்?

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவின் வளவில் எனக்கென்று கட்டிய வீட்டுக்கு அவர் வந்தார். வந்த மறுநாளே ஊர் அவரை எஞ்சினியர் என்று கூப்பிடத் தொடங்கியது. ஒரு விரிவுரை கேட்டிராத எஞ்சினியர். அக்கம்பக்கத்தில் கிணற்றுக் கட்டு வெடித்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். இவரும் குனிந்து பார்த்துவிட்டு "ம்" என்பார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை எஞ்சினியர் பொஞ்சாதி என்றார்கள். எனக்கும் பேராதனையில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்பதை ஊர் மெல்ல மறந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. அதற்காக மற்றதெல்லாம் நிற்குமா? எனக்கு மகள் பிறந்தாள்.

அவள் குப்புறப் புரளத் தொடங்கும் முன்பு திறந்துவிட்டார்கள். இரண்டு பேரையும் வரச்சொல்லித் தகவல் வந்தது.

நான் போகக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எனக்கு வாய்க்குக் குறைவில்லை. "புள்ளைய நான் பாக்கன்" என்றுதான் உம்மா சொன்னார். சொல்லிவிட்டு, பசியில் அழுத பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அக்கரைப்பற்றிலிருந்து வந்த மாமி, "முதல்ல அவன் போகட்டும் மகள். புள்ள பால் மறக்கட்டும், மறுகா நீ போ" என்றார். இவர், "அடுத்த வருசம் வரலாம்தானே" என்றார். அடுத்த வருடம் என் இடம் இருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இவரிடம் நல்ல பெட்டி ஒன்று இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை உம்மா இறக்கித் தூசி தட்டித் தந்தார். உள்ளே எனக்கென்று எடுத்த புதுத் துணிகள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு இவருடைய சட்டைகளை மடித்து அடுக்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, விரல் படுவது தெரியும், கன்னம் தெரியாது, அப்படி இருந்தது. அந்த மரத்த நிலை பிறகும் கனகாலம் இருந்தது. சோறு சமைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், யாராவது பகிடி சொன்னால் சிரித்தேன்.

முதல் விடுமுறைக்கு இவர் வந்தபோது வாப்பாவும் இவரும் பகல் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். இவர் கண்டிக் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு, நினைவு வந்தவராகச் சொன்னார்.

"மருதமுனைப் புள்ள ஒண்டு வந்திரிக்கி மாமா. விவசாயத்துக்கு."

"ஆரோட வந்த?" என்று நான் கேட்டேன்.

"ஆரோடயும் இல்ல. வாப்பா பஸ்ஸில கொண்டந்து விடுதியில உட்டுட்டுப் போனாராம். பூச்சியெல்லாம் புடிச்சுப் போத்தலுக்குள்ள போட்டுக்கொண்டு திரியிது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வாப்பா சிரிக்கவில்லை.

"கலியாணம் முடிச்ச புள்ளையா?"

"இல்ல மாமா. குமருதான். படிச்சு முடிக்கட்டும், மறுகா பாப்பம் எண்டு வாப்பா சொல்லிட்டாராம்."

வாப்பாவிடம் இன்னும் ஒரு மீன் துண்டு வைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இவர் எழுந்து கை கழுவப் போனபிறகுதான் வாய் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மருதமுனை இந்தாதானே மகள் கிடக்கு."

"ஓம் வாப்பா" என்றேன்.