உள்ளங்கை அளவு இடம்

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் சர்ஜரி ஓ.பி.யில் நான் ஆண் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வருகிற ஆண்களிடம் டாக்டர், வலி இருக்கிறதா என்பார். இல்லை என்பார்கள். ஃபைலை மூடிவிடுவார். அதற்குமேல் கேட்க அவருக்குக் கூச்சம், சொல்ல இவர்களுக்குக் கூச்சம். நல்ல ஜோடிப் பொருத்தம்.

மிக்கேல் சங்கு குளிக்கிறவன். வலது பக்கத் தொடை இடுக்கில் ஆபரேஷன் ஆகி, ஆறி, மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் அவன் மனைவி ரோஸ்லின் தனியாக வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தன் பக்கத்தில் படுப்பதே இல்லை என்றாள். அதைக்கூட நிதானமாகத்தான் சொன்னாள். விளக்கணைத்ததும் வலை தைக்கிற ஊசியால் இடுப்புக்குக் கீழே குத்திக் குத்திப் பார்க்கிறான், முகம் கூடச் சுளிப்பதில்லை என்றபோதுதான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"கடல்ல செத்த எவனோ அவரு மேல ஏறி வந்திருக்கான் அண்ணாச்சி."

பட்டப்பகலிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவனைக் கூட்டி வரச் சொன்னேன்.

மறுநாள் திரைக்குப் பின்னால் அவனைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சால் தொடுவேன், தொட்டது தெரிந்தால் 'இருக்கு' என்று சொல்ல வேண்டும். "இருக்கு... இருக்கு..." என்று வந்தவன், தழும்புக்குக் கீழே போனதும் பேச்சை நிறுத்திவிட்டான். நான் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவன் அசையவே இல்லை. உயிருள்ளவனைத்தான் தொடுகிறேனா என்று எனக்கே பயம் வந்தது. உணர்ச்சி நின்ற இடத்திலெல்லாம் பேனாவால் கோடு போட்டேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் வந்தது.

"தண்ணிக்குள்ள போனா உடம்பு பூரா குளிரும் அண்ணாச்சி. அங்கன மட்டும் கடல் இல்ல. அந்த இடம் செத்துட்டு. மிச்சமும் செத்துரும். பொணத்தக் கொண்டுபோயி அவ பக்கத்துல போடவா? ஒருநாள் மேல வராம கீழயே இருந்திரலாம்னு தோணுது."

"ஏலே, காலைல முழிக்கும்போது விறைப்பு இருக்கா?"

கொஞ்சம் யோசித்தான். "அது இருக்கு."

டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். பாவம், அன்றைக்கு அவர் கூச்சத்தை விட்டுவிட்டு விளக்கினார். தோலுக்குப் போகிற சின்ன நரம்பு ஆபரேஷனில் அடிபட்டால் அந்த இடம் மரத்துப்போகும். போகப்போகக் குறையலாம், சிலருக்கு அப்படியே இருந்துவிடும். ஆண்மைக்கு அந்த நரம்போடு சம்பந்தம் இல்லை. உறவின்போது வலித்தால் மறைக்காமல் வந்து சொல், வைத்தியம் உண்டு என்றார். சாகத் தோன்றுகிறது என்று அவன் சொன்னதை நான் சொல்ல, அதைச் சும்மா விடாமல் மனநல டாக்டரிடமும் அன்றே பேச வைத்தார்.

பிறகு ரோஸ்லினை உள்ளே கூப்பிட்டோம். அவள் அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் கையை அதன்மேல் வைத்தாள். கை சரியாக மூடிக்கொண்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். மிக்கேல் அழுதுவிட்டான்.

அதன்பின் ஆபரேஷனுக்கு முன்பே ஆண்களிடம் இதையும் சொல்லிவிடுவது எங்கள் ஓ.பி.யில் வழக்கமானது. நானும் பணி ஓய்வுக்குப் பிறகு ஹெர்னியாவுக்குக் கத்தி வைத்துக்கொண்டேன். கடலில் இறங்கினால் எனக்கும் ஓரிடத்தில் கடல் இல்லை. என்னதான் விவரம் தெரிந்திருந்தாலும் முதல் தடவை தண்ணீரில் நின்றபடியே அந்த இடத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். ஈர வேட்டியோடு கரையேறி, துண்டோடு நின்ற மனைவியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.